பூரானின் கடைசிக் கால்கள்

மகிழினி காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது கூடத்துச் சுவர்த்திரையில் இருந்த படம் வழக்கம்போல ஒருமுறை மங்கிப் பிறகு பளிச்சென்று வந்தது. அவ்வப்போது நடப்பதுதான். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே போய்ப் பார்த்தாள். படத்தில் பூபேஷ் சிரித்துக்கொண்டிருந்தான். நேற்றுவரை அவனுடைய முன்பற்களுக்கு நடுவே ஒரு நெல்மணி நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. இன்று இல்லை.

“அகவி, இங்க வா கண்ணு. உங்கப்பா பல்லைப் பாரு.”

மகள் ஈரத்தலையைத் துவட்டியபடி வந்து நின்றாள். “நல்லாத்தானுங்கம்மா இருக்குது?”

“நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு மகிழினி சமையலறைக்குத் திரும்பினாள்.

அகவி வயிற்றில் இருந்தபோதே பூபேஷ் பல்லடம் சாலையில் லாரி மோதிச் செத்துப்போனான். அவள் அப்பாவை அறிந்ததெல்லாம் படங்களில்தான். அந்தப் படங்களோ தெளிவியின் பொறுப்பில் இருந்தன.

ஒரு காலத்தில் போலிப்படங்கள் பெருகி ஊரே அல்லாடியது. சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் ஒரே ஆளுக்கு ஆயிரம் வீடியோக்கள். எது நிஜமென்று நீதிமன்றத்தாலேயே சொல்ல முடியாமல் போனபோது ஒற்றைப்பிரதிச் சட்டம் வந்தது. ஒரு காட்சிக்கு ஒரே ஒரு வடிவம். அதைக் காப்பது தெளிவி என்னும் பொது எந்திரம். மக்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். ஆனால் தெளிவிக்குக் காக்க மட்டும் தெரியாது. மங்கலைத் துடைக்கும், நடுங்கிய கேமராவை நிறுத்தும், இரைச்சலை வடிகட்டும். நாளாக ஆக மாறுகண்ணையும் பல்லிடுக்கையும்கூட அழுக்கென்றே எண்ணித் துடைக்க ஆரம்பித்தது. துடைத்ததைத் திரும்பப் பெற வழியில்லை. கைப்பேசியில் எடுத்து வைத்தாலும் அதுவும் தெளிவி வழியாகத்தான் சேமிப்பாகும்.

அன்று மத்தியானம் பொள்ளாச்சியிலிருந்து பூபேஷின் பழைய கூட்டாளி சிபி அண்ணன் கூப்பிட்டார்.

“அம்மிணி, நம்ம படத்தை எவனோ எழுப்பச் சொல்லிக் கேட்டிருக்கானாம். பழைய படங்களை ஆராய்ச்சி பண்றவனாம், டெல்லியில இருக்கான்.”

மகிழினிக்கு எந்தப் படம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சிபி அண்ணன் வாழ்நாளில் ஒரே ஒரு படம்தான் எடுத்தார். ‘பொள்ளாச்சிப் பூரான்.’

சட்டம் வந்தபின் யாரும் கேட்காத படங்கள் படவகத்தில் பச்சையாகவே உறங்கின. யாராவது கேட்டால்தான் தெளிவி அதைத் தொடும். அதுவும் திரையில் ஓட ஓட, ஓடி முடிந்த பகுதியைத் துடைத்துக்கொண்டே பின்னால் வரும். ஆகவே எந்தப் பழைய படத்தையும் அதன் பிறந்த மேனியில் ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும். அந்த முதல் பார்வை எடுத்தவருக்கு உரியது.

“நீங்க போங்கண்ணா. உங்க படமுங்க.”

“எனக்குக் கண்ணு போயே வருஷமாச்சு. நீ போ. பாப்பாவையும் கூட்டிட்டுப் போ. அவங்கப்பன் அதுலதான் அவனாட்டமே இருக்கான்.”

மகிழினி போனை வைத்தாள். அந்தப் படத்தை அவள் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. கேட்டால் தீர்ந்துபோகும் என்ற பயத்தில் கேட்காமலே இருந்துவிட்டாள். இப்போது எவனோ கேட்டுவிட்டான்.

படவகம் கோயம்புத்தூரில் இருந்தது. போகும் வழியில் பேருந்தில் அகவி கேட்டாள். “படம் நல்லா இருக்குங்களா?”

“கேவலமா இருக்கும்.”

“அப்புறம் என்னத்துக்கும்மா ஊரே பார்த்துச்சுன்னு சொல்லுவீங்க?”

“தென்னைக்கு அடிச்ச மருந்தைக் குடிச்சுட்டு ஒரு பூரான் பஸ் நீளத்துக்கு வளர்ந்துடும். கல்யாண மண்டபத்துக்குள்ள பூந்து பந்தியை எல்லாம் தின்னுடும். கதைன்னா அவ்வளவுதான். பூரான் செய்யக் காசு கிடையாது. கார் சீட்டுக்குப் போடற பழுப்பு ரெக்சினைத் தைச்சு, சிநேகிதனுங்க எட்டுப் பேரு வரிசையா உள்ள குனிஞ்சு நின்னாங்க. தைச்சது உங்கப்பாதான், சீட் கவர் கடையில இருந்தாருல்ல. நடுவுல கிழிஞ்சா ஊசியோட ஓடணும்னு அவரைக் கடைசியில நிறுத்திட்டாங்க.”

“அப்ப அப்பா முகம் தெரியாதுங்களா?”

“காலுதான் தெரியும்” என்றாள் மகிழினி. “அவரு நடை தெரியும் கண்ணு.”

சின்ன வயதில் தென்னையிலிருந்து விழுந்ததில் பூபேஷுக்கு ஒரு பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியே இருக்கும். ஒவ்வொரு எட்டிலும் அந்தக் கால் கொஞ்சம் தயங்கும், பிறகு சட்டென்று வந்து சேர்ந்துகொள்ளும். கல்யாண வீடியோவில் அந்த நடையைத் தெளிவி எப்போதோ நேராக்கிவிட்டது. மணவறையை மூன்று சுற்றும் அவன் அணிவகுப்பில் போகிறவன்போல நிமிர்ந்து நடப்பான். பூரானை மட்டும் அது இன்னும் தொடவில்லை.

சின்ன அரங்கம். அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. ‘முதல் பார்வை தொடங்குகிறது’ என்று ஒரு குரல் சொல்லி ஓய்ந்தது.

படம் அவள் நினைத்து வைத்திருந்ததைவிடவும் கேவலமாக இருந்தது. பூரானின் தலை ஒரு ஹெல்மெட். கண்கள் பைக்கின் பிரேக் விளக்குகள். ஒன்று அணைந்துபோகவும் திரைக்கு வெளியிலிருந்து ஒரு கை வந்து தட்டிவிட்டுப் போனது. மணப்பெண் கதறியபடி ஓடத் தொடங்கும்போது சிவப்புப் பட்டு, ஓடி முடிக்கும்போது பச்சைப் பட்டு. சாவு வீட்டுக் காட்சி முழுக்க ஒரு காக்கை விடாமல் கத்தியது. அழுதுகொண்டிருந்த கிழவர் பொறுக்கமாட்டாமல் வசனத்துக்கு நடுவிலேயே அதை ‘ச்சூ’ என்று விரட்டினார்.

அகவி திகைத்துப் போய் அம்மாவைப் பார்த்தாள். அவள் வளர்ந்த காலத்தில் திரையில் தப்பு என்பதே கிடையாது. “அம்மா, அந்தக் கை தெரியாம வந்துடுச்சுங்களா?”

“ஆமா.”

“தெரிஞ்சும் அப்படியே விட்டுட்டாங்களா?”

“திரும்ப எடுக்கக் கேமரா வாடகைக்குக் காசு இருக்கோணுமே.”

பிறகு ஹெல்மெட் ஒருமுறை நழுவி, பூரான் தன் தலையைத் தானே பிடித்துத் திருப்பிக்கொண்டபோது, ‘க்ளுக்’ என்று அகவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த காட்சியில் மூட முடியவில்லை. பயமும் இருந்தது. இருட்டு மண்டபத்தில் அத்தனை கால்களும் சரசரவென்று வரும் சத்தத்துக்கு அவள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலே சிரித்தாள்.

வாழைத்தோப்புக் காட்சி வந்தது. மகிழினி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். கடைசிக் கால்கள் பகல் வெளிச்சத்தில் தனியாகத் தெரிவது இதில் மட்டும்தான். பூரான் மணமகனைத் துரத்திக்கொண்டு வரப்பில் ஒரு வளைவு திரும்பும். ஏழு பேர் சரியாகத் திரும்பிவிடுவார்கள். கடைசி ஆள் மட்டும் தெரியாமல் நேராகப் போவான்.

“இப்ப பாரு கண்ணு. இப்ப, வாலைப் பாரு.”

தலை திரும்பியது. உடல் திரும்பியது. அகவி வெடித்துச் சிரித்தாள். வாயைத் திறந்து முதலில் சத்தமே இல்லாமல், மூச்சு முட்டி, பிறகு விக்கலைப்போல ஒவ்வொன்றாக. அந்தச் சிரிப்பை மகிழினி இத்தனை வருஷங்களில் ஒரு நாளும் அவளிடம் கேட்டதில்லை. அது பூபேஷின் சிரிப்பு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது எங்கே இருந்ததோ, எங்கிருந்து வந்ததோ. அவளையறியாமல் கழுத்து மகள் பக்கம் திரும்பிவிட்டது. கண்ணில் நீர் வழிய, முகம் சிவக்க அகவி சிரிப்பதை அவள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரைக்குத் திரும்பியபோது மணமகன் மரத்தின்மேல் இருந்தான். அடுத்த காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

“போயிடுச்சா?” என்றாள் மகிழினி.

அகவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அய்யோ, வாழைமரத்துல போயி முட்டிட்டு… அம்மா, நீங்க பார்க்கலீங்களா?”

“அவரு ஏதோ சொல்லுவாரு அதுல. என்ன சொன்னாரு?”

அகவியின் சிரிப்பு நின்றது. “என்னமோ கேட்டுச்சுங்கம்மா. ‘அண்ணா’ன்னு வந்துச்சு. நான்தான் சிரிச்சுட்டே இருந்தேன்.”

முட்டிக்கொண்ட பூரான் ‘சாரிங்ணா’ என்று சொல்லும். அந்த ஊரே படத்தில் அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான். மகிழினிக்கு வார்த்தை மறக்கவில்லை. குரல்தான் மறந்துவிட்டது. அதற்காகத்தான் வந்திருந்தாள்.

படம் முடிந்ததும் அகவி தானாகவே எழுந்துபோய் வாழைத்தோப்பை மறுபடி கேட்டாள். தெளிவி துடைத்து முடித்திருந்த காட்சி ஓடியது. கருஞ்சிவப்பில் மினுங்கும் ஒரு நிஜப் பூரான், எண்ணெய் வழுக்குவதுபோல வளைவில் திரும்பியது. நூறு கால்களும் அலை அலையாக ஒன்றன்பின் ஒன்று. வாழையிலை ஒன்றுகூட அசையவில்லை. அப்பழுக்கில்லாத பயங்கரம். இருவரும் சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை.

“என்னாலதானுங்கம்மா” என்றாள் அகவி.

“சீ, பேசாம இரு. நீ சிரிச்சதைப் பார்த்துட்டேன். அது போதும்.” போதவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். அகவி கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முதுகை வளைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் பார்த்தனுங்கம்மா. இப்படித்தான் வந்தாரு.”

நடைபாதையில் அவள் நடந்தாள். ஒரு பாதம் வெளியே திரும்பி, தயங்கி, சட்டென்று வந்து சேர்ந்துகொண்டது. நிறுத்தத்தில் இருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். அவனேதான். ரெக்சினுக்கு அடியில் வேர்த்து விறுவிறுத்து, தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நடந்த இருபத்து நாலு வயதுப் பையன்.

“இன்னொருக்கா கண்ணு.”

அகவி திரும்பி வந்தாள். இந்த முறையும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தயக்கம் இம்மி குறைந்திருந்தது.

“எந்தக் காலும்மா அது? வலதுதானுங்களே?”

மகிழினி பதில் சொல்ல வாயெடுத்தாள். கல்யாண வீடியோவில் நிமிர்ந்து நடக்கும் அந்த அந்நியன்தான் கண்ணுக்குள் வந்து நின்றான். வலதா, இடதா?

அகவி மூன்றாவது தடவை நடந்தாள். அவளுக்கு அது கைவந்துவிட்டது. தயக்கம் துடைத்ததுபோலப் போயிருந்தது; குனிந்த முதுகும் திரும்பிய பாதமும் தாளத்தில் விழுந்து ஒரு நடனம்போல அழகாக இருந்தன. யாரோ கைதட்டினார்கள். மூச்சு வாங்க நிமிர்ந்து, “இப்ப சரியா வந்துச்சுங்களா? இன்னொருக்கா நடக்கட்டுங்களா?” என்று கேட்டாள்.

மகிழினி ஓடிப்போய் அவளுடைய இரண்டு தோள்களையும் பிடித்து நிறுத்தினாள்.

“வேண்டாம் சாமி. போதும். இனி நடக்காதே.”