இடப்பக்கத்துக் குரல்

1996 நவம்பரில், ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்துக் காட்டுக்கு என்னைப் பன்றி வேட்டைக்குக் கூட்டிப்போனவர் எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர் பிரிங்க்மன். அவர் வேட்டைக் கழகத்துக்காரர். என் ஊரான மன்னாரில் நானும் பன்றி சுட்டிருக்கிறேன் என்று ஒருநாள் வாய் சும்மா இராமல் அளந்துவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்.

எனக்குத் துவக்குத் தரவில்லை. ஆரஞ்சு நிற மேலங்கியும் ஒரு தடியும் தந்தார்கள். பதினான்கு பேர் வரிசையாகப் பற்றைக்குள் இறங்கி, மரங்களில் தட்டிக் கத்தி, சுடுகிறவர்கள் நிற்கும் பக்கம் பன்றிகளைக் கலைக்க வேண்டும்.

"பக்கத்து ஆள் கூப்பிட்டால் பதில் கொடுக்க வேண்டும், கொட்வின்," என்றார் பிரிங்க்மன். "காட்டில் ஒருவன் குரலுக்குப் பதில் சொல்லாமல் விடுவது போல் கேவலம் வேறில்லை."

என் முகம் சுட்டது. ஏனென்று அவருக்குத் தெரியாது.

வரிசையின் இடப்பக்கக் கடைசி ஆள் நான். எனக்கு இடப்பக்கம் யாரும் இல்லை.

கொம்பு ஊதினார்கள். உள்ளே மத்தியானமே மங்கிக் கிடந்தது. ஈர இலைகள் மக்கிய மணம். வலப்பக்கம் "ஹோ, ஹோ" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன்.

டக். டக்.

இடப்பக்கம் யாரோ மரத்தில் தட்டினார்கள்.

நின்றேன். அதுவும் நின்றது. இலை மணத்துக்குள் இப்போது வெடிமருந்து மணந்தது. வயற்சேறும் மணந்தது.

"மச்சான்... தண்ணி..."

செல்வரட்ணம். என் கூட்டாளி, என் மனைவி இமெல்டாவின் அண்ணன். ஆறு வருடத்துக்கு முன், பன்றிக்கென்று வயலில் நான் களவாய்க் கட்டிய கட்டுத்துவக்கின் கயிற்றில் இருட்டில் கால் தடக்கி, அது வெடித்துச் சூடு பட்டவன். விடியும்வரை என்னைக் கூப்பிட்டான். களவுத் துவக்குக்காக இலங்கை ஆமி பிடிக்குமென்று பயந்து, கூப்பிடு தூரத்தில், காவல் கொட்டிலுக்குள் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். விடிந்ததும் துவக்கைக் கிணற்றில் போட்டேன். ஆமிதான் சுட்டதென்று ஊர் சொன்னது. நானும் ஓமென்று சொல்லிச் சவப்பெட்டி தூக்கினேன். பிறகு அவன் தங்கச்சியையே கட்டினேன். வெட்கங்கெட்டவன் நான்.

"மச்சான்..."

இந்த முறையும் பதில் சொல்லவில்லை. ஓடினேன்.

வேட்டை முடிந்தது. செத்த பன்றிகளை வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பச்சைக் கொப்பு வைத்தார்கள். கடைசிக் கவளமாம். பன்றிக்குக் கிடைத்த மரியாதை! அவனுக்கு நான் ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கவில்லை. நிமிர்ந்து நிற்கக் கூசியது.

"உனக்கு இடப்பக்கம் நின்றவன் யார்?" என்று பிரிங்க்மன் கேட்டார். "விடாமல் கூப்பிட்டான்."

"ஒருவரும் இல்லை," என்றேன்.

வீட்டுக்கு வந்து மேசைக்கு முன் இருந்தேன். இமெல்டா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

டக். டக்.

"இஞ்சாருங்கோ, வாசலிலை ஆரோ மச்சான் எண்டு கூப்பிடுகினம்," என்றாள். "எங்கட அண்ணையின்ர குரல் மாதிரிக் கிடக்கு. உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

சொல்லவேண்டிய நேரம் அதுதான்.

"காத்து," என்றேன்.

தட்டல் நின்றது.

இமெல்டா என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இடப்பக்கம் இருந்த வெறுங் கதிரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் தேத்தண்ணியை எடுத்து மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இவர் சொல்லமாட்டார்," என்றாள். "நீங்கள் சொல்லுங்கோ, அண்ணை."