செங்காவிக் கோடு

கோடு நேற்று போட்ட இடத்திலேயே இருந்தது. தடிப்புதான் அங்கே இல்லை.

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கதிர்வேல் பனியனைக் கழுத்துவரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது விலாவில் செங்காவியால் எழுதிய சிங்கம் வாலைத் தூக்கியபடி காவல் இருக்க, அதைச் சுற்றி வளைத்த கோட்டுக்கு வெளியே, ஒரு விரற்கடை தள்ளி, சிவந்த வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நெளிந்து கிடந்தன. ஜன்னலுக்கு அப்பால் விசைத்தறிகள் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தன. அடிக்கு ஓர் அரிப்பு என்று தோல் கூடவே துடித்தது. காய்ந்த காவியின் மண்வாசனை மூக்கில் ஏறியது. இருமல் வந்தது. அடக்கிக்கொண்டார்.

அக்கி என்றுதான் நினைத்திருந்தார். அக்கி கண்டால் பானை வனையும் கண்ணையாவைக் கூப்பிட்டுக் காவியால் எழுதிக்கொள்வது வழக்கம். கோட்டுக்குள் அது அடங்கி உதிர்ந்துவிடும். தவிர, பல்லடம் சாலையில் முப்பதடி உயர விளம்பரப் பலகையில் வெற்று மார்போடு நின்று, ‘வயது அறுபது, ஒரு மாத்திரை கிடையாது’ என்று தன் மூலிகைக் குளியல் பொடியை விற்கும் மனிதர், தோல் டாக்டர் வாசலில் டோக்கன் வாங்கி உட்கார முடியுமா? கண்ணையா வந்தார். “சிங்கம் கொஞ்சம் பெரிசா இருக்கோணும்” என்பது மட்டுமே கதிர்வேல் சொன்ன நோய் விவரம்.

மூன்றாம் நாள் கண்ணையா காவிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏனுங்க, இது அக்கி இல்லீங்க. அக்கி கோட்டுக்குள்ள நிக்குமுங்க. இது நடக்குதுங்க. டாக்டருகிட்டக் காட்டீருங்க.”

“நீ எழுதறத ஒழுங்கா எழுதப்பா.”

ஆனாலும் மறுநாள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கோயமுத்தூர் போனார். சீட்டில் டிரைவரின் பெயர். தோல் டாக்டர் சாஜிதா பேகம் வளையங்களைத் தொட்டுப் பார்த்தார், அளந்தார், பிறகு நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

“இது தோலோட வியாதி இல்லீங்க. உள்ள கட்டி இருந்தா, ரொம்ப அபூர்வமா, தோல் இப்படி மர ரேகையாட்டம் வளையம் போடும். தினம் தினம் நகரும். பெரும்பாலும் நுரையீரல்ல இருக்கும். இன்னிக்கே நெஞ்சை ஸ்கேன் எடுத்துருங்க. சீக்கிரம் பார்த்தா வைத்தியம் இருக்கு.”

“இருபத்தாறு நாள்ல எனக்கு அறுபதாங் கல்யாணமுங்க.”

“தள்ளி வைங்க.”

“மண்டபம் கெடைக்காதுங்க.”

டாக்டர் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். அது குளியல் பொடி டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தது. விழா முடிந்த மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள் பொறுத்த நெஞ்சு இன்னும் இருபத்தாறு நாள் பொறுக்காதா?

அதன்பின் ஒவ்வொரு காலையும் கதவைத் தாழிட்டுத் தானே கோடு போட்டார். ஒவ்வொரு காலையும் அது தாண்டியிருந்தது. இரவுகளில், சட்டைக்கு அடியில் யாரோ ஈர நூலை மெதுவாக இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

“ஏனுங்க, இந்த இருமல் விடவே மாட்டேங்குதே?” என்றாள் மனைவி நஞ்சம்மாள்.

“ஏ.சி. காத்து, அம்மணி.”

வயிறு. மார்பு. தோள்.

விழாவன்று கழுத்துவரை சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். கலசத் தண்ணீரைத் தலையில் ரெண்டு சொட்டுத் தெளித்தால் போதும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். மகள் லோகப்பிரியா சொன்னபடியே தெளித்தாள். சம்பந்தி அப்புசாமி பெருந்துறையில் மரம் அறுக்கும் மில் வைத்திருப்பவர்; பாசத்திலும் குறை வைக்காதவர். குடத்தையே தூக்கிக் கவிழ்த்தார்.

சந்தனம் வழிந்தது.

மேளம் நின்றது. மேடைக்குப் பக்கத்துப் பெரிய திரையில், முப்பதடி உயரத்தில், அதே வெற்று மார்பு. தொப்புள் முதல் தொண்டைவரை வளையங்கள். சிவப்பாக. ஈரமாக. ரெண்டாயிரம் பேர் பார்த்தார்கள்.

யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தார். யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அப்புசாமி குனிந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். முகம் மலர்ந்தது.

“அட, அருமைங்க சம்பந்தி! அறுத்த தேக்கு மரமாட்டவே இருக்குது. ஆரு வரைஞ்சதுங்க?”

மைக்கைப் பிடித்திருந்தவர் உடனே சுதாரித்தார். “இயற்கையோடு கலந்த மேனி!”

கைதட்டல்.

கதிர்வேல் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. பொத்திய உள்ளங்கையில் சூடாக ஏதோ. விரித்தார். சிவப்பு. மூடிக்கொண்டார்.

“ரேகைன்னா இதுதானுங்க ரேகை.” அப்புசாமி மில்லில் செய்வதுபோலவே கட்டைவிரலைப் பதித்தார். வெளி வளையத்திலிருந்து ஆரம்பித்தார். “ஒண்ணு... ரெண்டு... மூணு...”

அப்புசாமியின் மில்லுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார் கதிர்வேல். நிற்கிற மரத்தில் சம்பந்தி ரேகை எண்ணி இவர் பார்த்ததே இல்லை. சாய்த்து, அறுத்து, கிடத்திய பிறகுதான்.

அடுத்த குடம் விழுந்தது. மேளம் மறுபடி தொடங்கியது. சிரிப்பு. கேமரா நெருங்கியது.

திரையில், அப்புசாமியின் கட்டைவிரலுக்கு அடியிலிருந்து ஒரு வளையம் மெல்ல நழுவித் தாடையை நோக்கி நகர்ந்தது.

கட்டைவிரல், எண்ணிக்கை தப்பிவிடாமல், அதைத் துரத்திப் பிடித்தது.