தமிழ்ச்செல்வியின் கை

எவ்வளவு கவனமாகப் போட்டாலும் ஹேமந்தின் தூரிகைத் தீற்றல்கள் மூலப்படத்துக்கு எதிர்ப்பக்கமாகவே சாய்ந்தன. திருவிடந்தையில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த மாடியறையில் இரண்டு கேன்வாஸ்கள் அருகருகே நின்றன. ஒன்றில் விலா எலும்புகளுக்கு நடுவே சவுக்குக் கன்றுகள் முளைத்த ஒரு பெண் கடல்மேல் உட்கார்ந்திருந்தாள். அவனுக்குப் பரிசு வாங்கித் தந்த படம். இன்னொன்று, அதைப் பார்த்து அவன் போட்டுக்கொண்டிருந்த நகல்.

அடுத்த வாரம் மாமல்லபுரத்தில் முப்பது பேர் முன்னால் அந்தப் படத்தை வரைந்த விதத்தைச் செய்துகாட்ட வேண்டும். அந்த விதம் அவனுக்குத் தெரியாது. வரைந்தவள் அவனோடு படித்த தமிழ்ச்செல்வி. போன வருஷம் காய்ச்சலில் அவள் செத்த மறுவாரமே, கீழ்மூலையில் இருந்த அவள் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டான்.

நகல் தொடங்கிய எட்டாம் நாள் பிற்பகல்தான் உறைத்தது. அவள் இடக்கைக்காரி. தூரிகையை மாற்றிப் பிடித்தான். அதுவரை ஒரு கோடுகூடப் போட்டறியாத அந்தக் கை, எண்ணெயில் குழைந்த சிவப்பைக் கண்ணாடிபோல மெல்லிய படலமாக இழுத்து, தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதுபோல் ஆக்கியது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான், கை தன்னைக் கேட்காமலே நகர்வதைக் கவனித்தான்.

கதவு தட்டும் சத்தம். செய்யூரிலிருந்து தமிழ்ச்செல்வியின் அம்மா சந்திரம்மா வந்திருந்தாள்.

"பேப்பர்ல பாத்தேன் தம்பி. இது எம் பொண்ணு போட்டதுதான?"

"இல்லம்மா. நான் போட்டது."

"வூட்டு செவுத்துல கரிய வெச்சி இதத்தான் போட்டுகினு கெடப்பா. அவ பேர ஒரு வாட்டி சொல்லிடு. நான் பஸ்ஸு புடிச்சி பூட்றேன்."

"அவளுக்கு இந்த அளவுக்கெல்லாம் வராதும்மா."

"சரி. அவளே வந்து கேட்டுக்கட்டும்" என்று சந்திரம்மா படியிறங்கிப் போனாள்.

இடக்கை அவனைக் கேன்வாஸுக்கு இழுத்தது. மூலப்படத்தில் இல்லாத ஒன்றைப் போடத் தொடங்கியது. கடலுக்குள் ஓர் ஆள். அவனுடைய கோடுபோட்ட சட்டை. அவனுடைய முகம்.

பிறகு அந்த ஆளின் கால்களை நீலத்தால் மூடியது. ஹேமந்தின் பாதங்கள் சில்லிட்டன. முழங்கால் மரத்தது. வலக்கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. அடுத்த தீற்றலில் அந்த வலக்கையும் தொங்கிப்போனது.

ஜன்னலுக்குக் கீழே சந்திரம்மா பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அது அவ போட்ட..."

தூரிகை படத்து ஆளின் வாயைத் தொட்டது.

சத்தம் நின்றது. நாக்கு இருந்தது. உதடுகள் இருந்த இடத்தில் வழவழப்பு. இடக்கண்ணும் போனது. பஸ் நின்று கிளம்பும் ஓசை.

படத்து ஆளின் மிச்சமிருந்த கண்ணுக்கு நேரே தூரிகை வந்து நின்றது. தொடவில்லை. கை பொறுமையாக இருந்தது. கடைசிப் பூச்சுக்கு முன் முதல் படலம் காய வேண்டும். எண்ணெய் வண்ணம் காய மூன்று நாளாகும். ஹேமந்தின் ஒற்றைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.