அன்னாமேரி டீச்சரை அனுப்ப மாட்டோம்

தவளக்குப்பம் முனையில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓடிவந்து பஸ்ஸில் தொற்றிய அம்சவள்ளியின் மேல், முன்னால் ஏறியவன் குடையை உதறினான். வெள்ளைப் புடவை முழுக்கத் தண்ணீர்!

"இன்னா சார்... பின்னாடி ஆள் வர்றது தெரியல?"

திரும்பினான். இமையில் மழைத்துளி தொங்க, கோபத்தில் விரிந்திருந்த அந்தக் கண்கள்... குடையை மடக்கவே மறந்துபோனான்.

"ஸாரிங்க... ஏற்கெனவே நனைஞ்சுதான இருந்தீங்க?"

"அதுக்காக? மிச்சத்தையும் நீங்க நனைச்சுடுவீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. அம்சவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போய்க்கொண்டிருந்த காரியம் அப்படி.

பாண்டிச்சேரியில் இறங்கி, கல்வி அலுவலக வராந்தாவில் போய் உட்கார்ந்தால்... அதே குடை. அதே ஆள்!

"இங்கயுமா? உங்களுக்கு இன்னா வேலை இங்க?"

"அதிகாரியைப் பார்க்கணும். எங்க ஊர் டீச்சரை ஆந்திரா பக்கம் ஏனாமுக்கு மாத்திட்டாங்க. நேத்து ஊருக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. அன்னாமேரின்னு..."

அவள் கண்கள் சட்டென்று கனிந்தன. "நானும் அவங்களுக்காகத்தாங்க வந்தேன்!"

மழைச் சத்தத்துக்கு நடுவே அவன் மெல்லச் சொன்னான். "அம்மா செத்தப்போ எனக்கு ஏழு வயசு. தலை சீவிவிடக்கூட ஆளில்லை. மத்த பசங்க சிரிப்பாங்கன்னு, மணி அடிக்கறதுக்கு முன்னாடியே கூப்பிட்டு டீச்சர் சீவிவிடுவாங்க... அப்புறம் மாமா வூட்டுக்குக் கடலூர் போயிட்டேன். இப்ப அங்கயே பேங்க்ல வேலை."

"எங்க வூட்டுல என்னை நடவுக்கு அனுப்பிட்டாங்க, படிப்பை நிறுத்திட்டு," என்றாள் அவள். " டீச்சர் சேத்துல இறங்கி என் கையிலேருந்து நாத்தை வாங்கிக்கினாங்க. 'நீ போய்ப் படிடி, உன் பங்கை நான் நடறேன்'னாங்க. நட்டாங்க சார்! அதனாலதான் நான் இன்னிக்கு நர்ஸு."

அவன் கண்கள் கலங்கின. அதைப் பார்த்து அவளுக்கு உள்ளே என்னவோ அசைந்தது...

பியூன் வந்து பெயர் கேட்டான்.

"பச்சையப்பன். பாகூர் பக்கம் சுப்புராயன் மகன்."

அம்சவள்ளி விருட்டென்று எழுந்தாள்.

"டீச்சர் நட்ட அந்த நெலமே உங்கப்பாவுதுதான்! கூலிக்காரன் புள்ளைங்களைப் படிக்கவெச்சுக் கெடுக்கறாங்கன்னு புகார் சொல்லி அவங்களைத் துரத்தறதும் உங்கப்பாதான்! இப்ப நீங்க வந்து அழுவுறீங்க... நல்லா இருக்கு நாடகம்!"

"தெரியும். அதனாலதாங்க வந்தேன்."

அவன் உள்ளே போனான். கூப்பிடாமலே அவளும் பின்னால் நுழைந்தாள்.

"ஊர்ப் பெரிய மனுஷர் நேர்ல வந்து சொன்னாருப்பா," என்றார் அதிகாரி. "பாடம் நடத்தாம வயல் வயலாத் திரியறாங்களாம்."

"பொய் சார். அவர் எங்கப்பா. அவர் சொன்னது பொய்னு எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"திரிஞ்சாங்க சார்!" அம்சவள்ளி வெடித்தாள். "எங்களைத் தேடித்தான் திரிஞ்சாங்க! ஏனாம்ல தெலுங்கு பேசற புள்ளைங்களுக்கு அவங்க இன்னா சொல்லித் தருவாங்க? இந்த வயசுல ஒரு பொம்பளையைத் தனியா அழவைக்கணும், அவ்ளோதான?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். ஃபைலை எடுத்துத் தனியே வைத்தார். "விசாரிக்கச் சொல்றேம்மா. அதுவரைக்கும் டீச்சர் உங்க ஊர்லயே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "உங்க வூட்டு சகவாசமே எங்களுக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கிப் போனாள்.

விசாரணை நடந்தது. பச்சையப்பன் ஊரார் முன்னால் நின்று சாட்சி சொன்னான். மாறுதல் ரத்தானது, அவனுக்கு அப்பா வீட்டுக் கதவு மூடியது. அதன்பின் ஞாயிறுதோறும் டீச்சரைப் பார்க்க வருவான். அவன் வந்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் அம்சவள்ளி எழுந்து போய்விடுவாள்.

தை மாத ஞாயிறு ஒன்றில் பாகூர் பஸ் நிறுத்தத்தில் அவள் எதிரே வந்து நின்றான்.

"எங்கப்பாவை நான் மாத்த முடியாதுங்க. அந்த வூட்டுல பொறந்ததையும் மாத்த முடியாது. ஆனா உங்களைப் பிடிச்சிருக்கு... உங்க கோவத்தையும் சேர்த்துத்தான். வேணாம்னா சொல்லுங்க, இனிமே எதிர்லயே வரமாட்டேன்."

அவள் நகரவில்லை. பஸ் வந்தது. நின்றது. போயே போய்விட்டது.

"உங்கப்பா மேல கோவம் போவல. போவவும் போவாது."

"சரிங்க."

"உங்க மேலயும் கோவம்தான்..." அவள் குரல் தழைந்தது. "டூட்டியில, சோறு துன்றப்போ, தூங்கப்போறப்போ... மனசுக்குள்ள உங்ககிட்டயேதான் சண்டை போட்டுக்கினு கீறேன். தனியா எத்தினி நாள்தான் போடறது... பக்கத்துலயே வந்து இருங்களேன்!"