திரும்பவும்

"சிப்பிகாட்டுல எனக்கு ஒரு சிநேகிதர் கிடைச்சிருக்கார் பையா. சாயந்தரமானா என் வண்டிக்குப் பின்னாடி வந்து நிப்பார். ஆளுக்கு முகமே கிடையாது. முன்னாலயும் முதுகு, பின்னாலயும் முதுகு. சட்டை போட்டா பட்டனை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு டெய்லருக்கே தலை சுத்தும்!"

ஜம்புலிங்கம் இதைச் சொல்லி முடித்ததும் அன்பழகனின் கார் சாமான் கடையில் எழுந்த சிரிப்பில் அபர்டீன் பஜார் மணிக்கூண்டே ஒரு நிமிஷம் பிந்தியிருக்கும். எதிர் டீக்கடைக்காரர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார்: "அங்கிள் ஃபிர் ஷுரூ ஹோ கயா!"

ஆமாம், மறுபடி ஆரம்பித்துவிட்டார். பொதுப்பணித் துறையில் முப்பத்தாறு வருஷம் ரோடு போட்டு ஓய்வு பெற்ற மனிதர். அவர் போட்ட ரோட்டைக் காட்டிலும் அவர் விட்ட கதைகளின் நீளம் அதிகம். பிரித்துப் போட்டால் தீவின் வடகோடியில் இருக்கும் டிக்லிப்பூர் வரை போய் வரலாம். ஹாரன் அடித்ததும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்ட முதலையை அவர் பார்த்திருக்கிறார். சுனாமி அலை வந்த அன்று ஒரே தென்னையில் தானும் ஒரு பசுமாடுமாக ஏறி உட்கார்ந்திருக்கிறார். மரத்திலேயே பாலும் கறந்திருக்கிறார்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்பழகன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிநேகிதர் தெரிவதாகச் சொன்னது வண்டியின் பின்பக்கக் கேமராவில். அதை மாட்டியவன் அவன்.

மூன்று வாரத்துக்கு முன் ஜம்புலிங்கத்தின் மகள் அகிலா சென்னையிலிருந்து போன் செய்திருந்தாள். அப்பா ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டில் இடித்துவிட்டார், கழுத்து திரும்புவதில்லை, பின்பக்கம் பார்க்க ஒரு கேமராவும் வழி சொல்லும் பெட்டியும் வைத்துக் கொடுங்கள் அண்ணா என்றாள். அவனும் வைத்தான். நம்பர் பிளேட்டுக்கு மேலே கட்டைவிரல் அளவு கேமரா. ரிவர்ஸ் லைட் ஒயரிலிருந்து அதற்குக் கரண்ட். டேஷ்போர்டில் திரை, வழி சொல்லும் பெட்டியும் அதுவே. நடுவில் ஒயரே கிடையாது. டிக்கிக்குள் ஒரு சின்ன டப்பா படத்தைக் காற்றில் அனுப்பும். ரிவர்ஸ் கியர் போட்டால் திரையில் பின்பக்கம் தெரியும், அதன் மேல் மூன்று கோடு விழும். தூரத்தில் பச்சை, நடுவில் மஞ்சள், வண்டியை ஒட்டிச் சிவப்பு.

வழி சொல்லும் பெட்டிக்குத் தமிழ்க் குரல் வைத்தான். 'வீடு' என்ற பொத்தானில் இடம் குறிக்க வேண்டியிருந்தது.

"அங்கிள், வீடு எங்க?"

"சிப்பிகாட்."

அப்படியே குறித்துவிட்டான். ஜம்புலிங்கம் குடியிருப்பது கராச்சர்மாவில். சிப்பிகாட்டில் இருந்த வீட்டையும் வயலையும் அலை வந்த வருஷமே கடல் எடுத்துக்கொண்டது. இருபது வருஷமாகத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. ஆனாலும் வீடு எங்கே என்று கேட்டால் அங்கிருந்து வந்தவர்கள் யாரும் வேறு ஊரைச் சொல்வதில்லை. கேட்டவன் மேலும் தப்பில்லை, சொன்னவர் மேலும் தப்பில்லை. பெட்டி மட்டும் கேட்டதை நம்பிவிட்டது.

"கேமராவுல படம் இடம் வலமா மாறும் அங்கிள், கண்ணாடி மாதிரி. முன்பக்கம் பின்பக்கமா மாறவே மாறாது. பக்கத்துல வேற வண்டி இருந்தா அதோட கேமரா படம் இதுல வந்து விழும். நீங்க பார்த்தது அதான்" என்று சிரிப்பு அடங்கியதும் அன்பழகன் விளக்கினான்.

"சிப்பிகாட் தண்ணிக்குள்ள எவன்டா கார் ஓட்டுறான்?" என்றார் ஜம்புலிங்கம். மறுபடி சிரிப்பு.

அன்று மதியம் அகிலா போன் செய்தாள். குரல் களைத்திருந்தது.

"அண்ணா, அப்பா தினம் தண்ணி ஓரமா வண்டியை நிறுத்திட்டு ஒரு மணி நேரம் தனியா பேசுறாராம். பக்கத்து வீட்டு சொர்ணம்மா அக்கா பார்த்திருக்காங்க. கேட்டா கேமராவுல ஒருத்தர் வர்றார்ங்கறார். நீங்க ஒருதடவை போய்ப் பார்த்துட்டு சொல்லுங்க. கேமராவுல கோளாறுன்னா விட்டுடறேன். கோளாறு இல்லைன்னா அவர் தலையிலதான் கோளாறு. வீட்டை ஒழிச்சுட்டு மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன். உங்க வார்த்தையை வெச்சுதான் டிக்கெட் போடணும்."

இதை மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஜம்புலிங்கத்திடம் சொன்னான்.

"அவ வீடு பதினோராம் மாடி தம்பி. ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு ஜன்னல். அவளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போயிட்டா நான் யாருகிட்ட பேசறது?"

"இங்க மட்டும் யாரு இருக்கா அங்கிள்? ஆன்ட்டி போயே ஒம்பது வருஷம் ஆச்சு."

"இங்க பின்னாடி ஒருத்தர் இருக்காரே."

சாவியை அவன் கையில் வைத்தார். தான் வரவில்லை என்றார். புது ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் கூச்சப்படுவாராம். பிறகு குனிந்து, கண்ணில் குறும்பு மின்ன, ரகசியம் போலச் சொன்னார்.

"வீடுன்னு அமுக்கு. ரோடு எங்க முடியுதோ அங்க நிறுத்து. பெட்டி திரும்பவும்னு சொன்னா நீ திரும்பாதே. அது உனக்குச் சொல்றதில்ல."

டிசம்பர் மாதம். ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடையைச் சாத்திவிடும் ஊர். கராச்சர்மாவைத் தாண்டும்போதே எதிரே வந்த பஸ்கள் விளக்குப் போட்டிருந்தன. சிப்பிகாட்டில் பெட்டி, பெண் குரலில், மிகவும் மரியாதையாக, "இடப்பக்கம் திரும்பவும்" என்றது. அன்பழகன் தன்னையறியாமல் ஒரு நொடி தயங்கி, பிறகு தானே சிரித்துக்கொண்டு திருப்பினான். வழி சொல்கிறது, அவ்வளவுதான்.

அது ஜம்புலிங்கம் தன் கையால் போட்ட ரோடு. 'நான் போட்டதிலேயே குழி விழாத ரோடு அதுதான், பாதி தண்ணிக்குள்ள இருக்கே' என்பார். ஒரு வண்டி மட்டுமே போகும் கரை. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதில் பட்டுப்போன பாக்கு மரங்கள் தலையில்லாமல் நின்றன. சேறும் அழுகிய இலையும் கலந்த வாடை மூடிய கண்ணாடி வழியாகவும் உள்ளே வந்து நாக்கில் உப்பாகப் படிந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. டயருக்கு அடியில் சரளை நொறுங்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சதசதப்பாக மாறியது. ரோடு ஒரு சரிவில் இறங்கி, யாரோ கம்பளத்தின் நுனியைத் தண்ணீருக்கு அடியில் செருகி வைத்ததுபோல் முடிந்துபோனது. நிறுத்தினான்.

"நேராக இருநூறு மீட்டர் செல்லவும்" என்றது பெட்டி. திரையில் ரோடு நீலக் கோடாக நீண்டு ஒரு சின்ன வீட்டுப் படத்தில் போய் முடிந்தது. கண்ணாடிக்கு வெளியே அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

வண்டியைத் திருப்ப இடமில்லை. வந்த வழியே ரிவர்ஸில்தான் போக வேண்டும். கியரைப் போட்டான்.

திரை மாறியது. பின்னால் மங்கலான கரை ரோடு. மூன்று கோடுகள்.

பச்சைக் கோட்டில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் வரை நனைந்த தலைமுடி. உடம்போடு ஒட்டிய வெளுத்த துணி. மீன் பிடிக்க வந்த யாரோ என்று நினைத்து அன்பழகன் ஹாரன் அடித்தான். நகரவில்லை. நடுக்கண்ணாடியைப் பார்த்தான். ரிவர்ஸ் லைட்டின் வெளிச்சத்தில் வெறும் ரோடு கிடந்தது. பக்கக் கண்ணாடியிலும் வெறும் ரோடு. திரையில் மட்டும் ஆள்.

வேறு வண்டியின் படம். வேறு கேமரா. சொல்லிக்கொண்டான். ஆனால் இந்த டப்பாவின் வீச்சு முப்பது அடி. முப்பது அடிக்குள் இருந்தவை இந்த வண்டி, இந்தக் கரை, தண்ணீர். அதுவும் போக, அந்தத் திரையின் ஓரத்தில் தெரிந்த பம்பரில், கேட்டில் இடித்து நசுங்கிய இடம் இருந்தது.

அப்போதுதான் கவனித்தான். தவளைகள் நின்றுவிட்டன. எப்போது நின்றன என்று தெரியவில்லை.

"திரும்பவும்" என்றது பெட்டி.

இடப்பக்கம் என்று சொல்லவில்லை. வலப்பக்கம் என்று சொல்லவில்லை. வெறும் திரும்பவும்.

கிழவர் சொன்னது மறந்துபோயிற்று. கழுத்து தானாகத் திரும்பியது. பின்சீட்டில் ஜம்புலிங்கத்தின் குடை. பின்கண்ணாடி. அதற்கு அப்பால் இருட்டு. யாருமில்லை.

திரைக்கு வந்தான். மஞ்சள் கோடு.

அதே முதுகு, இன்னும் கிட்டத்தில். நடந்து வந்த மாதிரி இல்லை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டுவது தெரிந்தது. அந்தச் சொட்டுச் சத்தம் கேட்கவும் கேட்டது, டிக்கிப் பக்கமிருந்து. டொக். டொக்.

"திரும்பவும்."

இந்தத் தடவை அவன் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துத் திரையையே பார்த்தான்.

அது திரும்பியது.

சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோல, மெதுவாக, காலை மாற்றி வைத்து, தோளைச் சுழற்றி, முழுசாகத் திரும்பியது. முகம் வரும் என்று காத்திருந்தான். காது வர வேண்டிய இடத்தில் முடி. மூக்கு வர வேண்டிய இடத்தில் முடி. பிடரி. முதுகெலும்பு. இந்தப் பக்கமும் முதுகு.

சிவப்புக் கோடு.

முன்னால் தண்ணீர். பின்னால் அது. இரண்டில் ஒன்று. ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வண்டி பின்னால் பாய்ந்தது. திரை முழுக்க ஈர முடி. அப்புறம் கறுப்பு. எதுவும் இடிபடவில்லை. எதுவும் ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினான் என்று பிறகு அவனே நினைத்துக்கொண்டான். மெயின் ரோட்டு விளக்கு முதுகில் விழுந்தபோதுதான் மூச்சு வந்தது.

கடை வாசலில் ஜம்புலிங்கம், பரீட்சை முடிவு கேட்கும் பையன்போல் நின்றிருந்தார். "பார்த்தியா? சொன்னேன்ல? எப்படி இருக்கார்?"

"இன்டர்ஃபியரன்ஸ்தான் அங்கிள்" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. "ஒண்ணும் இல்ல. கழட்டிப் பார்த்துட்டு சொல்றேன்."

அவர் முகத்திலிருந்து குறும்பு வடிந்தது. ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேமரா அவன் உள்ளங்கைக்கு வந்தது. ஈரமாக இருந்தது.

"இதைக் கழட்டிட்டா அவர் எங்க தம்பி போவார்?" என்று கேட்டார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு, கராச்சர்மாவில் யாருமில்லாத தன் வீட்டுக்குப் போனார்.

பக்கத்துக் கடைகள் சாத்தியாயிற்று. டீக்கடைக்காரரும் போய்விட்டார். அன்பழகன் ஷட்டரைப் பாதி இறக்கினான். மேஜையில் பாட்டரியை வைத்து ஒரு பக்கம் கேமராவையும் பக்கத்திலேயே டேஷ்போர்டிலிருந்து கழற்றிய திரைப் பெட்டியையும் இணைத்தான். ஓர் ஒயர் தப்பாக இருக்க வேண்டும். ஒரு ஷார்ட் போதும். ஒரு கோளாறு கிடைத்தால் போதும், அவன் பார்த்தது பொய்யாகிவிடும். கேமரா அவன் முகத்தை நேராகப் பார்த்தது. திரை எரிந்தது.

போன் அடித்தது. அகிலா. ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன அண்ணா ஆச்சு? போய்ப் பார்த்தீங்களா?"

திரையில் மூன்று கோடுகள். சிவப்புக் கோட்டில் ஒரு முதுகு. நீலச் சட்டை. கழுத்துக்குக் கீழே கிரீஸ் கறை. காலையில் அவன் வீட்டில் போட்டுக்கொண்ட சட்டை.

வலது கையை மெல்லத் தூக்கினான். திரையில் அந்த முதுகும் கையைத் தூக்கியது.

இடம் வலமாக மாறும். முன்பக்கம் பின்பக்கமாக மாறாது. அவன்தான் சொன்னான்.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா? கேமராவுல கோளாறா, அப்பாகிட்ட கோளாறா? அப்பா சொன்ன மாதிரி எதுவும் நடக்கலதானே?"

இன்டர்ஃபியரன்ஸ் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான்.

"திரும்பவும்" என்றது பெட்டி.

அன்பழகன் அசையவில்லை. கால் தரையில் பதிந்திருந்தது. மூச்சைக்கூட விடவில்லை. திரையில் நீலச் சட்டை மெதுவாக, காலை மாற்றி வைத்து, தோளைச் சுழற்றி, முழுசாகத் திரும்பியது.

அந்தப் பக்கமும் கிரீஸ் கறை இருந்தது.

"டிக்கெட் போடாதேம்மா" என்றான் அன்பழகன். "அப்பா தலையில ஒண்ணுமில்ல. நடந்தது. ரெண்டு பக்கமும் முதுகுதான்."