போனுக்குக் கேட்காத சத்தம்

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், கட்டுகஸ்தோட்டை பாலத்துக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு எடுத்திருந்த போடிங் அறையில், மழையில் நனைந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, அன்றைய பயிற்சியின் ரெக்கோடிங்கைப் போனில் போட்டுக் கேட்ட மூக்கையாவுக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். பயமெல்லாம் பிறகு. பேஸ் கேட்டது. இரண்டு வருசத்தில் முதல் தடவையாக அவன் வாசித்த பேஸ் கேட்டது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் ஒருநாளாவது பேஸ் கிட்டார் வாசித்துப் பார்க்க வேண்டும். போனில் உள்ள மைக் அரிசிமணி அளவு, மனிதர் பேசுவதற்கென்று செய்தது. அதற்கும் கீழே, நெஞ்சுக்கூட்டில் மட்டும் தட்டுகிற சத்தத்தை அது கண்டுகொள்ளாது. கண்டி டவுனில் போன் திருத்தும் கடையில் ஏழு வருசமாக மைக் மாற்றிக்கொண்டிருக்கும் மூக்கையாவுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஞாயிறுதோறும் விரல் கொப்புளிக்க வாசிப்பான். ரெக்கோடிங்கில் பாடகன் அரூஸ் கத்துவது கேட்கும், அரூஸின் கிட்டார் கேட்கும், ஹுதைபாவின் ட்ரம்ஸ் தகரத்தில் கல் விழுந்தது மாதிரிக் கேட்கும். மூக்கையா மட்டும் இருக்கமாட்டான். கல்யாண வீட்டில் எல்லாரையும் படம் பிடித்தவன் எந்தப் படத்திலும் இருக்கமாட்டானே, அந்தக் கதைதான்.

குழுவின் பெயர் 'நோட்டீஸ் ஒட்டாதீர்'. மூன்று பேர், ஐந்து பாட்டு, பங்க் இசை. நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அம்மா போன் எடுத்து, "கோயில் பாட்டாய்யா, சினிமாப் பாட்டா?" என்று ஒருமுறை விசாரித்தாள்.

"ரெண்டும் இல்லம்மா. கத்துற பாட்டு."

"கத்துறதுக்கு கட்டுகஸ்தோட்டை வரைக்கும் போகணுமா மூக்கா? இங்க கொழுந்து நிறுக்கிற எடத்துல நின்னா நாள் பூரா கத்தலாமே."

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பகல் முழுக்க அடுத்தவன் போனுக்குள் குனிந்துகிடக்கும் அவனுக்கு, இந்த உலகத்தில் தன் இடம் என்று சொல்ல ஒரு நாலடிதான் இருந்தது. ஹுதைபாவின் வாப்பா நடத்தும் டயர் கடையின் மேல்மாடியில், கூரைவரை அடுக்கிய பழைய டயர்களுக்கு நடுவே, ட்ரம்ஸுக்கு இடப்பக்கம், அந்த நாலடி. வருகிற மாதம் கண்டியில் ஒரு மண்டபத்தில், கொழும்புக் குழுக்களோடு, அவர்களுடைய முதல் மேடை. அதிலும் ட்ரம்ஸுக்கு இடப்பக்கம் அவன்தான் நிற்பான்.

அந்த நாலடியும் உண்மையில் அவனுடையது இல்லை. அது வீரசிங்கத்தின் இடம். இரண்டு வருசத்துக்கு முன் வீரசிங்கத்துக்கு டெங்கு வந்து வார்டில் போட்டபோது, இரண்டு கிழமைக்குச் சமாளிக்கலாம் என்று அரூஸ் மூக்கையாவைக் கூட்டிவந்தான். பார்க்கப் போன மூக்கையாவின் மணிக்கட்டை அந்த மனிதன் விடவேயில்லை. உதடு வெடித்து, கண் சிவந்து கிடந்தும், விரல்களில் கோடாலித் தைலம் மணத்தது. வாசிக்க முன்னும் பின்னும் விரலுக்குத் தைலம் தேய்ப்பது வீரசிங்கத்தின் பழக்கம்.

"எடத்தப் பாத்துக்க தம்பி. நான் வந்ததும் விலகிரணும்."

"சத்தியமா விலகிருவேண்ணே."

நாலாம் நாள் வீரசிங்கம் போய்ச் சேர்ந்தான். "அவன் புழங்குனத எல்லாம் கருமாதிக்கு முன்னாடி ஆத்துல விட்டுருங்கய்யா, வச்சிக்காதீங்க" என்று அவனுடைய தாய் அழுதாள். ஆற்றில் விடவேண்டிய பேஸை இவர்கள் மூன்று பேரும் மாடிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவைத்தார்கள். பங்க் பாடுகிறவனுக்குக் கருமாதி என்ன, காரியம் என்ன என்று பெரிய ஞானிகள் மாதிரிச் சிரித்துக்கொண்டார்கள். ஈரத்தில் அதன் கழுத்து வளைந்து, வாசிக்க முடியாமல், அப்படியே தொங்கியது.

போன கிழமை மூக்கையாவின் பேஸில் தடித்த கம்பி அறுந்தது. கண்டியில் கம்பி இல்லை. கொழும்பில் அடுத்த கப்பலுக்குத்தான் வருமாம். கைக்காசில் பேஸ் வாசிக்கிற எவனும் செய்கிற வேலையைத்தான் அவனும் செய்தான். பழைய கம்பியைக் கொதிக்கவைத்தால், உள்ளே ஏறிய வியர்வையும் அழுக்கும் விரல்தோலும் கழன்று, புதுக்கம்பி மாதிரிப் பேசும். ஆணியில் தொங்கிய வீரசிங்கத்தின் பேஸிலிருந்து நாலு கம்பியையும் கழற்றிவந்து, தேத்தண்ணிக்கு வைக்கும் கேத்தலில் சுருட்டிப் போட்டு அடுப்பில் வைத்தான். தண்ணீர் முதலில் மஞ்சளாகி, பிறகு வெறுந்தேத்தண்ணி நிறமாகி, மேலே மெல்லிய தோல்கள் மிதந்தன. முகத்தில் அடித்த நீராவியில் கோடாலித் தைலம் மணத்தது. இரண்டு வருசம் கழித்தும் மணக்கிறதே என்று நினைத்தான், அவ்வளவுதான்.

அந்தக் கம்பிகளைத் தன் பேஸில் மாட்டி வாசித்த முதல் ஞாயிறு இது. கேட்டுக்கொண்டே போனவன் தோட்டத்து வரிசை வீடுகளைப் பற்றிய மூன்றாவது பாட்டான 'ஏழாம் லய'த்தில் சிரிப்பை நிறுத்தினான். அந்தப் பாட்டின் நடுவில் அவனுடைய தோள்வார் கழன்றது நன்றாக நினைவிருக்கிறது. வாசிப்பதை விட்டுவிட்டு, குனிந்து, வாரை மாட்டி நிமிர இருபது விநாடியாவது போயிருக்கும். ரெக்கோடிங்கில் பேஸ் நிற்கவில்லை. அந்த இருபது விநாடியும் ஒரு பிசகில்லாமல், அவனுக்கு இன்றுவரை வராத ஒரு வளைவோடு, போய்க்கொண்டே இருந்தது. வெளியே மழை விட்டு, தாழ்வாரத் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. சொட்டுகூட அந்தத் தாளத்தில் விழுவதாகப் பட்டது.

அவன் அரூஸுக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், ஏழாம் லயத்துல நான் நடுவுல நிப்பாட்டினேனே, கவனிச்சியா?"

"என்னடா செல்றாய்? இண்டக்கித்தான் நீ ஒழுங்கா வாசிச்ச. வீரசிங்கம் மௌத்தானதுக்குப் பொறகு இப்பிடி ஒரு பேஸ் நான் கேக்கல்ல." அரூஸ் சந்தோசமாகத்தான் சொன்னான். பிறகு, "உண்ட சத்தம் எங்கயோ தூரத்துல ஈக்கிது மச்சான். போனப் பாரு," என்று வைத்துவிட்டான்.

பார்க்கத்தானே அவனுக்குத் தெரியும். மறுநாள் கடையில் போனைத் திறந்து மைக்கை மாற்றினான். சோதித்தான். சுத்தமாக வேலை செய்தது. அன்று பின்னேரம் அம்மா போன் எடுத்தாள்.

"மூக்கா? ஹலோ? சத்தமே வரமாட்டேங்குதே."

"நான்தாம்மா, பேசுறேன்."

"ஹலோ? என்னமோ டொம்முடொம்முனு கேக்குது. மூக்கா, நீ இருக்கியா?"

கடைக்காரரின் போனை வாங்கிப் பேசினான். வேறொரு புதுப் போனில் பேசினான். எதிலும் அம்மாவுக்கு அவன் குரல் கேட்கவில்லை, அந்த டொம்டொம் மட்டும் கேட்டது. "சாமி, எம்புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அவள் அழ ஆரம்பித்ததை அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

புதன்கிழமை, அறைக் கதவைச் சாத்தி, பேஸைத் தொடாமல் கட்டிலில் கிடத்திவிட்டு, போனில் ரெக்கோடிங்கைப் போட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, என் பேரு மூக்கையா" என்று சத்தமாகச் சொன்னான். திருப்பிப் போட்டுக் கேட்டான். அவன் குரல் இல்லை. நாய் குரைத்தது இருந்தது. பாலத்தில் பஸ் போனது இருந்தது. அடியில், நிதானமாக, 'ஏழாம் லயம்' இருந்தது. முடிகிற இடத்தில் உள்ளங்கைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை. விரலுக்குத் தைலம் தேய்க்கிற ஓசை.

வியாழக்கிழமை கடைக்கு வந்தவர்களுக்கே அவன் பேசுவது விளங்கவில்லை. "என்ன தம்பி சொன்னீங்க? கொஞ்சம் உரத்துப் பேசுங்க." உரத்துத்தான் பேசினான். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொண்டக்டர் அவனிடம் காசு கேட்கவில்லை. இறக்கம், இறக்கம் என்று அவன் கத்தியும் பஸ் நிற்காமல் இரண்டு ஹோல்ட் தாண்டிப்போய்த்தான் நின்றது. நடந்து வரும்போது தொடையில் இடதுகை விரல்கள் தாமாகவே அழுத்தி அழுத்தி ஓடுவதைக் கண்டு அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். அம்மாவின் இருபத்திரண்டு அழைப்புகள் போனில் கிடந்தன.

அன்று இரவு அவனுக்கு வீரசிங்கத்தின் தாய் சொன்னது உறைத்தது. சனங்கள் சும்மாவா ஒரு வழக்கத்தை வைத்திருப்பார்கள்? ஆற்றில் விடவேண்டியதை விட்டுவிட்டால் சரி. அம்மாவுக்குக் குரல் கேட்கும். மேடை போனால் போகட்டும்.

ஞாயிறு பின்னேரம், பயிற்சிக்குப் போகும் வழியில் பாலத்தின் நடுவே நின்று, குறடால் நாலு கம்பியையும் நறுக்கினான். தடித்த கம்பி அறும்போது பேஸின் உடம்பு அவன் வயிற்றில் ஒருமுறை அதிர்ந்தது. கம்பிகளைச் சுருட்டி மகாவலியில் போட்டான். மழைக்குப் பிறகு ஆறு கலங்கி, நிறைந்து ஓடியது. சுருள் ஒருமுறை மேலே வந்து, பிறகு போய்விட்டது. பெருமூச்சு விட்டான். கும்பிடக்கூடச் செய்தான். ஹுதைபாவிடமும் அரூஸிடமும் நான் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு, நேரே ஸ்டேசனுக்குப் போய் நாவலப்பிட்டிக்கு ரயில் ஏறுவது என்று முடிவுசெய்தான்.

டயர் கடை பூட்டியிருந்தது. பக்கத்துப் படிக்கட்டு வழக்கம்போல் இருட்டு, ரப்பர் மணம், ஈரச் சுவர் மணம். நாலாவது படியில் கால் வைத்தபோது மேலே 'ஏழாம் லயம்' ஆரம்பித்தது. ட்ரம்ஸ். கிட்டார். அரூஸின் கத்தல்.

பேஸ்.

படி அதிர்ந்தது. அவன் கையில் கம்பியில்லாத பேஸ்.

நின்ற இடத்தில்தான் அது அவன் மண்டைக்குள் வந்தது. வீரசிங்கத்தின் வியர்வையும் தோலும் கேத்தலிலேயே கழன்றுவிட்டன. அதை அவனே கொதிக்கவைத்து, அவனே ஆவியாக அறைக்குள் விட்டுவிட்டான். பிறகு அந்தக் கம்பிகளில் ஏறியது யாருடைய வியர்வை? யாருடைய விரல்தோல்? பாலத்தில் நின்று, கும்பிட்டு, அவன் ஆற்றில் விட்டது யார் புழங்கியதை?

ஏறினான். கதவு திறந்திருந்தது.

சுவரில் ஆணி மட்டும். அதில் பேஸ் இல்லை.

ட்ரம்ஸுக்கு இடப்பக்கம் ஒருவன் நின்றான். முதுகு தெரிந்தது. மூக்கையாவின் நீலச் சட்டை. மூக்கையாவின் பிடரி மயிர். ஆணியில் தொங்கிய பேஸ் இப்போது அவன் தோளில், கழுத்து நேராக, கம்பி நாலும் பளபளவென்று.

"அரூஸ்," என்றான். "ஹுதைபா, டேய், நான் இங்க."

யாரும் பார்க்கவில்லை. பாட்டு முடிந்தது. ஹுதைபா குச்சிகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். "மாஷா அல்லாஹ்! மூக்கா, மேடையில இப்பிடியே வாசி, போதும்."

அது திரும்பியது. மூக்கையாவின் முகம். அது ஹுதைபாவைப் பார்த்துச் சிரித்தது. பிறகு வாசலைப் பார்த்தது. நேராக அவனை. மெல்லத் தலையசைத்தது. வாக்கைக் காப்பாற்றியவனுக்கு நன்றி சொல்கிற தலையசைப்பு.

காற்சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தது. விரலில் தேய்த்தது. அறை முழுக்கத் தைலம்.

போன் அடித்தது. மூக்கையா தன் பையைத் தடவினான். வெறும் பை. போன் அதன் கையில் இருந்தது. விரலில் தைலம், அதனால் லவுட்ஸ்பீக்கரில் போட்டது.

"மூக்கா? கேக்குதாய்யா?"

"கேக்குதும்மா. ஒங்களுக்கு?"

அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"கேக்குது ராசா! நல்லா கேக்குது. ஒரு வாரமா செத்துப் பொழச்சேன்."

மூக்கையா கத்தினான். அம்மா என்று கத்தினான். தொண்டை கிழிய. நெஞ்சு வெடிக்க. அது நான் இல்லம்மா. டயர் அடுக்கின் மேல் அரூஸின் போன் இன்னும் ரெக்கோட் செய்துகொண்டிருந்தது. சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு அவன் கண்ணெதிரே ஓடியது. அவன் கத்தினான். கோடு நேராகப் போனது. மறுபடி கத்தினான். நேராக.

"சாப்பிட்டியா மூக்கா?" என்றாள் அம்மா. கோடு எழுந்து விழுந்தது.

"இன்னும் இல்லம்மா. நாளைக்கு வீட்டுக்கு வாரேன்."

"வா ராசா. வாசல்லயே நிக்கிறேன்."