மூன்றாம் நம்பர் துப்பாக்கியில் ஒரு கீறல்

சனிக்கிழமை காலை 9.40.

மேடையில் நின்றிருந்த ராய்ஸ், மூன்றாம் நம்பர் கைத்துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தான். ‘லொடக்.’

பீக்கன் க்ரீக் துப்பாக்கிக் கழகத்தின் கூடம் முழுக்க அது கேட்டது.

“யோவ் வெண்டல்! இது உன் பீஸா, என் மாமியாரோட பல்செட்டா? இப்படி ஆடுது!”

டெக்ஸாஸ் தொப்பிகள் குலுங்கச் சிரித்தன. வெண்டல் சிரிக்கவில்லை. ஒரு வருடம் உட்கார்ந்து இழைத்த துப்பாக்கி அது. தாவி ஏறி, ராய்ஸ் செய்த இரண்டாம் நம்பரை எடுத்து ஸ்லைடை இழுத்தார். பாதியில் இறுகி நின்றது.

“உன் பீஸுக்கு மலச்சிக்கல் போலிருக்கே ராய்ஸ்!”

இம்முறை ராய்ஸ் சிரிக்கவில்லை.

வசந்தம்தோறும் அங்கே நடக்கும் போட்டி அது. விலை உயர்ந்த நான்கு கைத்துப்பாக்கிகள். எல்லாம் ஒரே பழைய அச்சு, ஒரே கறுப்பு. ஸ்லைடில் பொறித்த பெயர் நடுவருக்குத் தெரியாதபடி கறுப்பு டேப் ஒட்டி மறைத்து, கைப்பிடியில் நம்பர் மட்டும் கட்டிவிடுவார்கள். எது சிறந்த வேலைப்பாடு என்று கடைசியில் ஆர்லிஸ் டன்கனின் விரல்கள் தீர்ப்புச் சொல்லும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது யார் கைவேலை என்று சொல்லிவிடும் மனிதர். இந்த வருடம் மட்டும், “செஞ்சவங்களே மேடையில ஒருத்தர் பீஸை ஒருத்தர் இழுத்துக் காட்டட்டும், சபைக்கும் தெரியட்டும்” என்றிருந்தார்.

வெண்டல் மூன்றாம் நம்பரின் டேப்பை உரித்தார். அடியில் ராய்ஸின் பெயர். இரண்டாம் நம்பரில் வெண்டலின் பெயர்.

“ஸ்லைடை மாத்திட்டான் எவனோ! போலீஸைக் கூப்பிடு!”

10.25.

ஷெரிஃப் அலுவலகத்தின் புலனாய்வாளர் ஐடா குரூகர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

“மாத்தினா என்ன? மறுபடி மாத்திக்க வேண்டியதுதானே?”

“ஃபேக்டரி மாலா இருந்தா எதுக்கு எது வேணாலும் பொருந்தும் மேடம்” என்றார் வெண்டல். “இது கையால இழைச்சது. அந்த ஸ்லைடு அந்த பிரேமுக்குன்னே பொறந்தது. அதுகூடப் பரவாயில்ல. இதைப் பாருங்க.”

மூன்றாம் நம்பரின் பிரேமில், அதாவது கைப்பிடியுள்ள அடிப்பாகத்தில், இடது பக்கம், பூட்டு ஊசி நுழையும் துளைக்குக் கீழே, பிறை போல் ஒரு புதுக்கீறல். கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது ஊசி வழுக்கினால் விழும் கோடு. அந்தக் கூட்டத்தில் அதற்கு ‘முட்டாள் கீறல்’ என்று பெயர். தன் துப்பாக்கியில் அது விழுந்தால், அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டாமலே காலம் தள்ளுபவர்கள் உண்டு.

ஐடா துப்பாக்கியை வாங்கினாள். காலிதானா என்று குண்டறையைத் திறந்து பார்த்தாள். ராய்ஸிடம் கொடுத்தாள், அவனும் பார்த்தான். அவன் வெண்டலிடம் கொடுத்தான், அவரும் பார்த்தார். பத்துப் பேர் பார்த்ததானாலும் கைக்கு வந்தவர் தானும் பார்த்தாக வேண்டும். அங்கே அது சாப்பிடுமுன் கை கழுவுவது மாதிரி.

“நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?” என்று ஐடா அதை ஆர்லிஸிடம் நீட்டினாள்.

“அந்தத் துணி மேல வைம்மா.” கிழவர் இரு கட்டைவிரல்களையும் பெல்ட்டில் செருகியபடி குனிந்து பார்த்தார். “முட்டாள் கீறல்தான்.”

“ராத்திரி இதையெல்லாம் வெச்சிருந்த பெட்டகத்தோட சாவி யார்கிட்ட?”

“ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு சமையல்கட்டு நெல்டாகிட்ட” என்றார் ஆர்லிஸ்.

ராய்ஸ் குறுக்கிட்டான். “நேத்து நெல்டா மேஜை துடைக்கிறேன்னு வெண்டலோட பீஸை எடுத்து, காலியா இருக்கிறப்ப ஸ்லைடைப் ‘படார்’னு விட்டுட்டா. வெண்டல் எல்லார் முன்னாடியும் கத்தினாரு.”

அதைவிட அங்கே பெரிய பாவம் கிடையாது. உள்ளே இழைத்து வைத்த விளிம்பெல்லாம் அடிபடும்.

“அப்ப கோபம் இருந்திருக்கும்.” ஐடா ஆர்லிஸைப் பார்த்தாள். “உங்களுக்குச் சந்தேகம் உண்டா சார்?”

ஆர்லிஸ் தரையைப் பார்த்தார். “அவ பையைப் பாருங்க. ஏதாவது கருவி இருக்கும்.”

நெல்டா கான்டூ ஏப்ரனோடு வந்து நின்றாள். பதினோரு வருடமாக அந்தச் சமையல்கட்டில் வேலை.

“நான் தொடலைம்மா. அதைக் கழட்டவே எனக்குத் தெரியாது.”

“பை.”

ஐடா அதைச் சபை நடுவிலிருந்த மேஜையில் கொட்டினாள். சாவிக்கொத்து. மூட்டுவலித் தைலம். கழகத்தின் சர்க்கரைப் பொட்டலங்கள் ஒரு பிடி. காகிதத்தில் சுற்றிய பாதிக் கேக், நேற்று மிஞ்சியது. கருவி எதுவும் இல்லை.

“பார்றா, இனிப்புத் திருடி!” என்றான் பின்வரிசையில் ஒருவன். சிரிப்பு எழுந்தது. நெல்டாவின் கழுத்து சிவந்தது. ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டாள்.

கழகச் செயலாளர், “ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டுப் போ. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

11.15. பின்னறை.

“கழட்டிக் காட்டுங்க” என்றாள் ஐடா. வெண்டல் மூன்றாம் நம்பரைத் துணியின்மேல் பிரித்தார்.

“உள்ள என்ன தப்பு பண்ணியிருக்காங்க?”

வெண்டல் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“எதுவுமில்ல. ஸ்பிரிங் சரியான பக்கம். முனை வளையம் சரியான திருப்பு. எண்ணெய்கூட போட வேண்டிய இடத்துல அளவா…”

“அதாவது தெரிஞ்சவர் வேலை.”

“தெரிஞ்சவன் எப்படி மேடம் இந்தக் கீறலைப் போடுவான்?”

“மாட்டி முடிச்சதும் என்ன செய்வீங்க?”

“ஒரு தரம் இழுத்துப் பார்ப்போம். எல்லாரும் அதைத்தான் செய்வோம்.”

“இழுத்துப் பார்த்திருந்தா ஸ்லைடு மாறினது தெரிஞ்சிருக்குமே?”

“எங்கள்ல யாருக்கானாலும் தெரியும். ராய்ஸுக்குத் தூக்கத்துல…” வெண்டல் சட்டென நிறுத்தினார். இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவருக்கு நினைவு வந்தது. “வேணாம் மேடம். அந்தப் பேரைச் சொல்லாதீங்க.”

ஐடா சொல்லவில்லை. ஆர்லிஸை அழைத்து வரச்சொன்னாள். நான்காம் நம்பரை எடுத்து, குண்டறையைத் திறந்து வைத்து, கைப்பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

“துணி மேல வைம்மா.”

“இல்ல சார். கையில வாங்குங்க.”

 அவர் பெல்ட்டிலிருந்து வலது கையை எடுத்தார். வாங்கினார். துப்பாக்கி நடுங்கியது, மீன் மாதிரி, கையை விட்டுக் குதிக்கப் பார்ப்பது போல. இடது கையால் பிடித்து அடக்கினார். அந்தக் கையும் நடுங்கியது.

“இந்த ஊர்ல துப்பாக்கியை நீட்டினா வாங்காத ஆள் நீங்க ஒருத்தர்தான் சார்” என்றாள் ஐடா மெதுவாக. “நாங்க எல்லாரும் கீறலைப் பார்த்தோம். தெரியாத ஆள்னு முடிவு கட்டினோம். தலைக்கு எல்லாம் தெரியும், கைதான் கேட்கலன்னு யாருக்கும் தோணல.”

ஆர்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“போன கோடையில ஆரம்பிச்சுது. யார்கிட்டயும் சொல்லல. விரல்ல ஒண்ணும் தெரியல இப்பல்லாம். நேத்து சாயங்காலம் எல்லாரும் வெளியில பார்பெக்யூவுக்குப் போனதும் பெட்டகத்தைத் திறந்தேன். அளவுத் தகடு வெச்சு, ஜெயிக்கக்கூடிய ரெண்டு பீஸோட இடைவெளியை அளந்துட்டா, இன்னிக்குத் தொடாமலே வாயால சமாளிச்சுடலாம்னு…”

“மாட்டுறப்ப மாறிடுச்சு.”

“ரெண்டாவது இறுகிச்சு. கையில பலம் போயிடுச்சுன்னு நெனச்சேன். மூணாவது ஆடிச்சு.” அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “என் கைதான் ஆடுதுன்னு நெனச்சேன்.”

வெண்டல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கீறல் விழுந்தது தெரியும். காலையில சொல்லியிருக்கணும். நெல்டா பேரு வந்தப்ப… தப்பிச்சோம்னு இருந்துச்சும்மா. அவ பையை நீ கொட்டினப்பகூட எனக்கு அப்படித்தான் இருந்துச்சு.”

“இது இந்த அறையோட இருக்கட்டுமே” என்றார் வெண்டல். “நான் புகார் கொடுக்கல. நெல்டாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுட்டா போச்சு.”

ஐடாவுக்கும் அதுவே நல்லது என்று பட்டது. ஆளனுப்பினாள். நெல்டா ஏப்ரன் இல்லாமல், பையை மார்போடு அணைத்தபடி வந்து எல்லாவற்றையும் கேட்டாள். கிழவரின் கைகளைப் பார்த்தாள். அவள் கண் கொஞ்சம் இளகியது. ஆனால் பேசியது ஐடாவிடம்.

“நூறு பேர் முன்னாடி கொட்டினீங்க. மூணு பேர் முன்னாடி அள்ளிக் குடுக்குறீங்களா?”

 ‘ரெண்டு சாவி’ என்று ஆர்லிஸ் சொன்னதை ஐடா தன் காதாலேயே கேட்டிருந்தாள். ஆனால் ஒருத்தியின் பையை மட்டுமே கொட்டிப் பார்க்கத் தோன்றியிருந்தது.

ஆர்லிஸ் எழுந்தார். “அவ சொல்றது சரி.”

12.10.

கூடத்தில் இறைச்சியும் பீன்ஸும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸ் டன்கன் மேடையேறி மைக்கைக் கையில் எடுத்தார். அது அவர் பற்களில் இடித்தது, மோதிரத்தில் உரசியது. கடகடவென்ற அந்த ஓசை ஒலிபெருக்கி வழியே கூடம் முழுக்கக் கேட்டது. முட்கரண்டிகள் நின்றன. அவர் எதையும் சுருக்கவில்லை. கீறலைச் சொன்னார். கையைச் சொன்னார். பையைச் சொன்னார், அது கொட்டப்பட்டபோது தான் நிம்மதியடைந்ததையும் சொன்னார்.

யாரும் கைதட்டவில்லை. இறங்கும்போது ராய்ஸ் வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பின்வரிசைக்காரன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சமையல்கட்டு வாசலில் நெல்டா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். போகவில்லை. இன்னும் ஒருவர் பாக்கி.

ஐடா குரூகர் தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டுப் படியேறினாள். மைக்குக்காகக் கையை நீட்டினாள்.